தொழிலாளிக்கு முதற்பாடம்

(திருவொற்றியூர் - எண்ணூர் வட்டாரத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று சம்பளத்தைப் பற்றியோ போனஸைப் பற்றியோ நாம் பேசப் போவதில்லை. படிப்பைப் பற்றிப் பேசப் போகிறோம். "படிப்பா? அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் விஷயமாயிற்றே! ஷிப்டு முடிந்து உடம்பு நொந்து வந்திருக்கும் எங்களுக்கு அதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் நாம் இங்கே வந்திருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன்பு எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் நம்மைப் பார்க்க வந்தார். அவருடைய தகப்பனார் ஒரு தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகனோ கன்டெய்னர் யார்டில் கான்டிராக்ட் கூலி. அப்பாவுக்குக் கிடைத்த வேலை தமக்குக் கிடைக்காதது ஏன் என்று அவர் யோசித்திருக்கிறார். "கையில் ஒரு சர்டிபிகேட் இல்லை, அதுதான் காரணம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே தாயாரின் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டி, ஒரு தனியார் நிலையத்தில் மூன்று மாதம் படித்தார். வண்ண வண்ணமாக அச்சடித்த சர்டிபிகேட்டும் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன இடத்தில் மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கு எந்த அங்கீகாரமும் இல்லை, தம்பி" என்று கையில் கொடுத்துவிட்டார்.

கம்மல் இன்னும் அடகுக் கடையிலேதான் இருக்கிறது. பையன் மீண்டும் அதே யார்டுக்குத்தான் போகிறார்.

இந்தப் பையன் செய்த குற்றம் என்ன? படிக்க ஆசைப்பட்டது குற்றமா? இல்லை. எதைப் படிப்பது, எங்கே படிப்பது, படித்தபின் அது எங்கே செல்லும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. சொல்ல வேண்டிய நாமும் சொல்லவில்லை. ஆகவே இது அவருடைய பிரச்னை மட்டுமல்ல. நம் எல்லோருடைய பிரச்னையும்தான்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்புகிறவர்கள், வயது கடந்துவிட்டது என்று ஒதுக்கப்பட்டவர்கள் - இவர்களுக்காக ஒரு கல்லூரி இருக்க முடியுமா? இருக்க முடியும் என்று உலகத்தில் பல இடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

டென்மார்க் ஒரு சிறிய நாடு. அங்கே ரோடிங் என்ற ஊரில் 1844ல் ஒரு மக்கள் பள்ளியைத் தொடங்கினார்கள். குருந்த்விக் என்ற அறிஞரின் யோசனையிலிருந்து பிறந்தது அது. அதில் யார் படித்தார்கள்? கிராமத்து உழவர் வீட்டு இளைஞர்கள். எப்போது படித்தார்கள்? இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பனிக்காலத்தில் அங்கே வயல் வேலை கிடையாது. இத்தகைய பள்ளிகள் பரவியபோது, அந்த மாதங்களில்தான் வாலிபர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். பெண்களுக்குக் கோடையில் வகுப்பு. பரீட்சை வைத்து வடிகட்டும் வேலை இல்லை. உழவனின் நேரத்தைப் பார்த்துப் பள்ளியின் நேரத்தை அமைத்தார்கள். பள்ளியின் நேரத்துக்காக உழவன் தன் பிழைப்பை விட்டு வர வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவில் 1901ல் ஜோலியட் என்ற ஊரில் இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி ஒன்று பிறந்தது. 1947ல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன், ஒவ்வொரு வட்டாரத்திலும் இப்படிப்பட்ட கல்லூரி வேண்டும் என்று சிபாரிசு செய்தது. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் அதற்குப் பிறகுதான் எங்கும் பரவியது. அங்கே வருகிறவருக்குக் கணக்கு வராவிட்டால், "போய்க் கற்றுக்கொண்டு வா" என்று துரத்துவதில்லை. கணக்கின் ஆரம்பப் பாடத்தையே கல்லூரி நடத்துகிறது. எழுத வராதவருக்கு எழுத்தின் ஆரம்பப் பாடம். இந்த ஆரம்பப் பாடங்கள்தான் அந்தக் கல்லூரிகளின் வாசற்படி.

நம் நாட்டில்? 1995ல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1996ல், சென்னை - மயிலை மறைமாவட்டத்தார் சென்னை சமுதாயக் கல்லூரியை ஏற்படுத்தினார்கள். பாதியில் நின்ற பிள்ளைகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் இடம் கொடுப்பதே இவற்றின் நோக்கம். படிப்பு ஓராண்டு. வாழ்க்கைத் திறன் ஒரு பகுதி, தொழில் திறன் ஒரு பகுதி, தொழிற்கூடத்தில் நேரடிப் பயிற்சி ஒரு பகுதி, வேலைக்கு ஆயத்தம் ஒரு பகுதி என்று பாடத்தைப் பிரித்துக்கொண்டார்கள். 2002ல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பட்டயம் வழங்கியது. 2013ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கென்று ஒரு திட்டம் கொண்டு வந்தது.

ஆகவே, யோசனை புதிதல்ல. நம் ஊருக்கு அன்னியமும் அல்ல. ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் இந்தத் தொழில் வட்டாரத்துத் தொழிலாளிக்கு அதில் எவ்வளவு வந்து சேர்ந்தது? இதுதான் நம் கேள்வி.

நம் வட்டாரத்தில் என்ன இருக்கிறது?

இருப்பதை இல்லை என்று சொல்லக் கூடாது. இருப்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வட சென்னையின் பெயரிலேயே ஒரு சர்க்கார் ஐ.டி.ஐ. இருக்கிறது. நாடு முழுவதும் 1950ல் தொடங்கிய கைத்தொழிற் பயிற்சித் திட்டத்தின் கீழ் நடப்பவைதான் இந்த ஐ.டி.ஐ.கள். பிட்டர், எலக்ட்ரீஷியன் பயிற்சி இரண்டு வருஷம். அதற்குப் பத்தாவது தேற வேண்டும். வெல்டர் பயிற்சி ஒரே வருஷம். எட்டாவது தேறியிருந்தால் போதும். பதினான்கு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆண்கள் நாற்பது வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. இது நம் சகோதரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு வழியும் உண்டு. பல வருஷமாக வெல்டிங் கட்டையைப் பிடித்து வேலை செய்கிறவர், லேத்தில் நின்று பழகியவர், ஐ.டி.ஐ.யில் படிக்காமலேயே, அனுபவத்தைக் காட்டி, அகில இந்தியத் தொழிற் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேறினால் அவர் கைக்கும் அதே மத்திய சர்டிபிகேட் வரும். இதற்கான அறிவிப்பு பத்திரிகையில் ஒரு மூலையில் வரும். அதைப் படித்துச் சொல்வது யூனியனின் வேலையல்லவா?

ராயபுரத்துக்கு வருவோம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில், கடற்கரைச் சாலையில், மத்திய சர்க்காரின் மீன்வளக் கப்பற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கொச்சியில் தலைமையிடம், ராயபுரத்துக் கிளை 1968லிருந்து இயங்குகிறது. மீன்பிடிக் கப்பலை ஓட்டும் மாலுமிப் பயிற்சி ஒன்று, கப்பல் எஞ்சினைப் பராமரிக்கும் பிட்டர் பயிற்சி ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு வருஷம். முடித்து, கப்பலில் வேலை செய்து அனுபவம் பெற்று, அதன்பிறகு பரீட்சை எழுதி மீன்பிடிக் கப்பலின் அதிகாரியாகவே உயர முடியும்.

காசிமேட்டில் பிறந்த பையனுக்குக் கடல் தெரியும். காற்றின் போக்கு தெரியும். நட்சத்திரம் தெரியும். மடி எங்கே போட்டால் மீன் விழும் என்று தெரியும். ஆனால் அந்த நிலையத்தில் சேர அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பத்தாவதில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் போதிய மதிப்பெண் வேண்டும். பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு விசைப்படகு ஏறிய பையனுக்கு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கேட் தொலைதூரத்துக் கேட்தான்! அவனை அந்தக் கேட் வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆரம்ப வகுப்பு வேண்டும். கணக்கு, விஞ்ஞானம், கொஞ்சம் ஆங்கிலம்; இரவிலே, தமிழிலே. இல்லாதது அதுதான்.

யாருக்கு நேரமில்லை?

"தொழிலாளிக்குப் படிப்பில் அக்கறையில்லை" என்று சிலர் பேசுகிறார்கள். நாம் அதை ஒப்புக்கொள்ள முடியாது. அக்கறை இருக்கிறது; நேரமில்லை. வகுப்பு காலை ஒன்பதரை மணிக்கு ஆரம்பம் என்றால், முதல் ஷிப்டுக்குப் போகிறவன் எப்படி வருவான்? இந்த வாரம் பகல் ஷிப்டு, அடுத்த வாரம் இரவு ஷிப்டு என்று மாறி மாறி வேலை செய்கிறவன் ஒரே மணிக்கு நடக்கும் வகுப்புக்கு எப்படி வருவான்? ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போகும் கான்டிராக்ட் தொழிலாளி எப்படி வருவான்?

சர்க்கார் ஐ.டி.ஐ.யில் கட்டணமில்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. சர்க்கார் பள்ளியில் படித்து மேலே போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் 2022ல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ல் வந்தது. இவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் குடும்பத்தின் கூலியே அந்தப் பையன் கையில் என்றால், 750 ரூபாய் எத்தனை நாளைக்கு அடுப்பெரிக்கும்? படிப்பு இலவசம் என்பது பாதி உண்மை. படிக்கும் நேரத்தில் இழக்கும் கூலிதான் உண்மையான கட்டணம். அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாமல்தான் நம் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கும் இதே கதைதான். சம்பா அறுப்பு முடிந்தபின் கோடையில் வயலில் வேலை ஏது? அந்த மாதங்களில்தான் மீஞ்சூரில் இரண்டு மாத வகுப்பு நடத்தினால் என்ன? டிராக்டர் பழுது பார்ப்பது, பம்புசெட் மோட்டார் கட்டுவது, வீட்டு வயரிங் செய்வது என்று கற்றுக் கொடுத்தால் என்ன? டென்மார்க்கில் பனிக்காலத்தில் செய்ததை இங்கே கோடையில் செய்ய முடியாதா?

முதற்பாடத்தில் என்ன இருக்க வேண்டும்?

சரி, வகுப்பு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் எதைக் கற்பிப்பது? வெறும் பட்டன் அழுத்தக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று முதலாளி நினைப்பார். நாம் அப்படி நினைக்கக் கூடாது.

முதலாவது, அளவு. வெர்னியர் காலிபரை எத்தனை பேர் தினமும் கையில் எடுக்கிறோம்! அதில் 0.02 மில்லிமீட்டர் வரை பார்க்க முடிவது எப்படி என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது. விஷயம் எளிது. பெரிய அளவுகோலில் 49 மில்லிமீட்டர் நீளத்தை எடுத்து, நகரும் அளவுகோலில் 50 சம பாகமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே ஒரு பாகம் 0.98 மில்லிமீட்டர். இதற்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் 0.02. இது தெரிந்தவன் கருவியை நம்பி மட்டும் இருக்க மாட்டான். கருவி தவறினால் கண்டுபிடிப்பான். வரைபடத்தைக் கண்டு பயப்பட மாட்டான்.

இரண்டாவது, உயிர். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததை நாம் மறக்க முடியுமா? தூக்கத்திலிருந்து எழுந்து, கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். எந்தத் திசையில் ஓடுவது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்? அமோனியா தண்ணீரில் கரையும். ஈரத் துணியை மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொள்ள வேண்டும். காற்று கொண்டுபோகும் திசையிலேயே ஓடாமல், காற்றுக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். ஐந்து நிமிஷப் பாடம் இது. ரசாயன ஆலைகளுக்கு நடுவே குடியிருக்கும் ஜனங்களுக்கு இந்த ஐந்து நிமிஷப் பாடம் யாராலும் நடத்தப்படாமல் போகலாமா?

வயலிலும் அப்படித்தான். பூச்சிமருந்து டப்பாவில் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகமிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சை குறைந்த விஷம். எழுத்தே தெரியாத தோழரும் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் நிறத்தின் அர்த்தத்தை அவரிடம் சொல்லாமல் தெளிப்பானை மட்டும் தோளில் மாட்டிவிட்டால் என்ன பிரயோசனம்?

மூன்றாவது, கூலிக் கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 ரூபாய் வாங்குகிற தோழரின் சம்பளச் சீட்டைப் பார்ப்போம். பி.எப். 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 105 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். ஓவர்டைம் செய்தால் இரட்டை விகிதத்தில் கூலி. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த தொழிலாளியை எந்தக் கான்டிராக்டர் ஏமாற்ற முடியும்? அவனுடைய பங்கைப் பிடித்துக்கொண்டு தன் பங்கைக் கட்டாமல் விட்டால், மறுமாதமே கேள்வி கேட்பான் அல்லவா?

அளவு, உயிர், கூலிக் கணக்கு - இந்த மூன்றும் சேர்ந்ததுதான் தொழிலாளியின் முதற்பாடம் என்று நாம் சொல்கிறோம். முதலாவது இல்லாமல் மற்றவை இருந்தால் தொழிலில் உயர முடியாது. மற்றவை இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால் தொழில் தெரியும், உரிமை தெரியாது.

இது தமிழில் முடியுமா?

"தொழில் நுட்பத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நாம் ஒரு பெயரை நினைவூட்டுவோம்: சிங்காரவேலர். 1860ல் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்து வக்கீலானவர். 1923ல் சென்னைக் கடற்கரையில் மே தினத்தைக் கொண்டாடியவர். அவர் தம் வீட்டில் பெரிய நூலகம் வைத்திருந்தார். அதோடு நிற்கவில்லை. 'குடி அரசு' ஏட்டில் விஞ்ஞான விஷயங்களைச் சாதாரண ஜனங்களுக்காகத் தமிழில் எழுதினார். இத்தனை ஆண்டுகளுக்கு முன்பு அது முடிந்திருக்கும்போது, இன்று வெர்னியரையும் வெல்டிங்கையும் தமிழில் சொல்ல முடியாதா? பிட்டர், கேஜ், ராடு என்று தொழிலாளி வாயில் பழகிய சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, காரணத்தைத் தமிழில் விளக்கினால் போதும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மெஷினில் எழுதியிருப்பதைப் படிக்கும் அளவு ஆங்கிலமும் வேண்டும். அதையும் ஒரு பாடமாக வையுங்கள். ஆனால் ஆங்கிலம் தெரிந்தவன்தான் உள்ளே வரலாம் என்று வாசலில் கயிறு கட்டாதீர்கள்.

படிக்கும் கூடத்துக்கும் தொழிலாளர் இயக்கத்துக்கும் உள்ள உறவும் நம் வட சென்னைக்குப் புதிதல்ல. பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு சபை இருந்தது. பக்திப் பிரசங்கமும் நல்லுரையும் கேட்கப் பக்கிங்ஹாம் - கர்னாடிக் மில் தொழிலாளர்கள் அங்கே கூடுவார்கள். சபையை நடத்திய செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோரிடம் தங்கள் கஷ்டங்களையும் சொன்னார்கள். திரு.வி.க.வும் வாடியாவும் வந்து பேசினார்கள். 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பிரசங்கம் கேட்கக் கூடிய கூட்டம் சங்கமாக எழுந்தது! தொழிலாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து கேட்கவும் யோசிக்கவும் ஓர் இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்த மில் 1996ல் மூடப்பட்டது. 1970ல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017ல் நின்றது. துறைமுகத்தில் 1983ல் கன்டெய்னர் முனையம் வந்தபின் முதுகில் மூட்டை சுமக்கும் வேலை சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு வேலை போய் இன்னொரு வேலை வரும்போது, புதிய வேலையில் உட்காருகிறவன் யார்? பயிற்சி பெற்றவன். பழைய வேலையோடு வெளியே போகிறவன் யார்? பயிற்சிக்கு நேரம் கிடைக்காதவன். ஆகவேதான் இது படிப்புப் பிரச்னை மட்டுமல்ல, பிழைப்புப் பிரச்னை என்று சொல்கிறோம்.

ஜாக்கிரதை வேண்டிய இரண்டு இடங்கள்

படிப்பு என்ற பெயரில் வருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் கூடாது.

ஒன்று, அப்ரண்டிஸ். 1961ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் நல்ல நோக்கத்தோடு வந்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும் என்று 2019ல் திருத்திய விதிகள் கூறுகின்றன. சேருங்கள், தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள். சட்டத்தின் பார்வையில் அப்ரண்டிஸ் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இரண்டு வருஷத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்று 1981ம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறதே, அந்தக் கணக்கு அப்ரண்டிஸுக்கு ஓடாது. இதைப் பயன்படுத்திக்கொண்டு, கற்றுக்கொடுக்காமல் உற்பத்தி லைனில் நிறுத்தி, ஒரு கோஷ்டி போனதும் அடுத்த கோஷ்டியை எடுத்தால் அதற்குப் பெயர் பயிற்சியா? மலிவுக் கூலி அல்லவா? அப்ரண்டிஸ் பையன் என்ன கற்றான் என்று நிரந்தரத் தொழிலாளி கேட்க வேண்டும். பக்கத்து மெஷினில் நிற்கிறவன் நம் வீட்டுப் பிள்ளை.

இரண்டு, குறுக்கு வழிப் பட்டம். பத்தாவதும் பன்னிரண்டாவதும் தேறாமல், நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள் பலர். அப்படி வாங்கிய பட்டம் சர்க்கார் வேலைக்குச் செல்லாது என்று 2009ல் தமிழக சர்க்கார் ஆணை போட்டது. பாடுபட்டுப் படித்தவர்களுக்கு அது பேரிடி. ஆகவே, பத்தாவதை விட்டவர்கள் முதலில் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதித் தேறுங்கள். அடுத்தபடி பன்னிரண்டாவது. படி தாண்டிக் குதிக்க வேண்டாம். குதித்தால் இடையில் கதவு இல்லை, சுவர்தான் இருக்கிறது.

எந்த வகுப்பில் சேருவதற்கு முன்பும் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்தச் சர்டிபிகேட்டை வழங்குவது யார்? சர்க்கார் கவுன்சிலா, பல்கலைக்கழகமா, வெறும் கடையா?

2. என் ஷிப்டுக்கு ஒத்துவரும் நேரத்தில் வகுப்பு உண்டா?

3. பாடம் எந்த மொழியில்?

4. கையால் தொட்டுப் பழக மெஷின் இருக்கிறதா, படம் மட்டும் காட்டுவார்களா?

5. இது முடிந்தபின் அடுத்த படிப்புக்கு வழி உண்டா?

ஐந்தில் முதல் கேள்விக்கே சரியான பதில் வராவிட்டால், தாயாரின் கம்மலைத் தொடாதீர்கள்!

நாம் செய்ய வேண்டியது என்ன?

சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமல்ல. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் மாலை நேர ஆரம்ப வகுப்புகள் வேண்டும். ஷிப்டு மாறுகிறவர்களுக்காக ஒரே பாடத்தைக் காலையிலும் மாலையிலும் நடத்த வேண்டும். மீஞ்சூர், பொன்னேரியில் கோடைக்கால வகுப்பு வேண்டும். கைக்குழந்தையோடு வரும் சகோதரிகளுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு அறை வேண்டும். ஆரம்ப வகுப்பில் தேறியவருக்கு ஐ.டி.ஐ.யிலும் கப்பற்பயிற்சி நிலையத்திலும் சேருவதற்கு உதவி வேண்டும். முதலாளிகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று: வகுப்புக்குப் போகும் தொழிலாளியின் ஷிப்டை அதற்குத் தக்கபடி நிலையாக வையுங்கள். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இதையும் ஒரு கோரிக்கையாக யூனியன்கள் சேர்க்க வேண்டும்.

ஆனால் சர்க்கார் கட்டடம் கட்டும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? யூனியன் ஆபீசில் ஒரு கரும்பலகை இருக்கிறது. ஓய்வு பெற்ற பிட்டர்கள், டர்னர்கள், எலக்ட்ரீஷியன்கள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பது வருஷ அனுபவத்தை வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், பெரியவர்களே? வாரத்தில் இரண்டு மாலை வாருங்கள். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கட்டும். நீங்கள் தொழிலைச் சொல்லிக் கொடுங்கள். நாம் கொடுப்பதற்குச் சர்டிபிகேட் இல்லை. அதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவோம். சர்டிபிகேட் கொடுக்கும் இடத்துக்குப் போய் நிற்கும் தைரியத்தைக் கொடுப்போம்.

கன்டெய்னர் யார்டு இளைஞரைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னோமே, அவர் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? பத்தாவதில் விட்ட கணக்குப் பாடத்தை எழுதித் தேறப் படித்துக்கொண்டிருக்கிறார். அதன்பின் ஐ.டி.ஐ. என்று முடிவு செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கும் இன்னும் சிலருக்கும் ஓய்வு பெற்ற ஒரு தோழர் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். போன வாரம் வகுப்புக்கு வந்தவர்கள் ஆறு பேர். அடுத்த வாரம் எத்தனை பேர் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் உங்கள் கையில் இருக்கிறது.

கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்போம். படிக்க விரும்புகிறவர்கள் ஒரு பக்கத்தில் பெயர் எழுதுங்கள். சொல்லிக் கொடுக்க விரும்புகிறவர்கள் எதிர்ப் பக்கத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் தயங்காமல் வந்து பெயரைச் சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்கிறோம். உங்களுக்கான முதல் வகுப்பில் அந்தப் பெயரை நீங்களே எழுதக் கற்றுக்கொள்ளலாம்.